ஊசியின் எதிர்ப்பா, நோயின் எதிர்ப்பா? இரத்தச் சோதனையும் காப்புரிமைப் பரிசீலனையும்

கால்நடை வளர்ப்போருக்குப் பேரிழப்பை உண்டாக்கும் நோய்களுள் கோமாரி நோய் முதன்மையானது. வாயிலும், குளம்புகளின் இடையிலும், மடிக்காம்பிலும் கொப்புளங்கள் தோன்றும். உமிழ்நீர் நூல் போல ஒழுகும். கறவை மாட்டின் பால் குறையும்; உழவு மாடு நொண்டும்; இளங்கன்றுகள் இதயம் தாக்கப்பட்டுத் திடீரென இறப்பதும் உண்டு. இந்நோயைத் தடுக்க ஆறு மாதங்களுக்கு ஒரு முறை தடுப்பூசி போடப்படுவதை உழவர்கள் நன்கு அறிவர்.

ஊசி போட்ட மாட்டின் உடலில் எதிர்ப்பு சக்தி உண்டாகிவிட்டதா என்பதை இரத்தச் சோதனை மூலம் அறியலாம். ஆனால் அங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இரத்தத்தில் காணப்படும் எதிர்ப்பு ஊசியால் வந்ததா, நோய் தாக்கியதால் வந்ததா? இதைப் பிரித்துக் காட்டும் சோதனைகள் இன்று உள்ளன. அத்தகைய சோதனை ஒன்றைப் புதிதாக உருவாக்குவோர் அதற்குப் பேடண்ட் என்று சொல்லப்படும் காப்புரிமையைக் கோருகின்றனர். காப்புரிமை அலுவலகம் எதை ஏற்கும், எதை மறுக்கும்? காப்புரிமை பெற்ற சோதனை என்றால் அதை அப்படியே நம்பலாமா? சோதனையின் விலையும், மாட்டின் மீது விழும் முடிவும் இவற்றைப் பொறுத்தவை ஆதலால் உழவர்களும் இவற்றை அறிந்திருப்பது நல்லது.

எதிர்ப்பு சக்தி உண்டாகும் விதம்

கோமாரி நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். 1898-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு அறிஞர்களான லெஃப்ளர், ஃப்ராஷ் ஆகியோர், மிக நுண்ணிய வடிகட்டியையும் கடந்து செல்லும் கிருமி ஒன்றே இந்நோய்க்குக் காரணம் என்று அறிவித்தனர். இக்கிருமியில் ஓ, ஏ, சி, ஆசியா-1, சாட்-1, சாட்-2, சாட்-3 என ஏழு வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பு மற்றொரு வகையிலிருந்து காக்காது. ஆகவே நம் நாட்டுத் தடுப்பூசியில் இங்கு நடமாடும் ஓ, ஏ, ஆசியா-1 ஆகிய மூன்று வகைகளும் சேர்க்கப்படுகின்றன.

தடுப்பூசிக்கான வைரஸ், ஆய்வகத்தில் உயிரணுக்களின் மீது வளர்க்கப்படுகிறது. பின்னர் அது வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்யப்பட்டு, தூய்மைப்படுத்தப்பட்டு, எண்ணெய் போன்ற துணைப்பொருளுடன் கலக்கப்படுகிறது. அதை மாட்டின் உடலில் செலுத்தும்போது, உடல் அதை அயற்பொருள் என உணர்ந்து எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குகிறது. இவை இரத்தத்தின் தெளிநீராகிய சீரத்தில் கலந்திருக்கும். நோய் கண்டு மீண்ட மாட்டின் சீரத்திலும் எதிர்ப்புப் பொருள்கள் இருக்கும். சாதாரணச் சோதனையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

வீடும் சாரமும்

இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியை ஓர் உவமையால் விளக்கலாம். வீடு கட்டும்போது கொத்தனார் சாரம் கட்டுகிறார். வீடு முடிந்த பின் சாரம் அவிழ்க்கப்படுகிறது. வீட்டில் சுவர் மட்டுமே நிற்கிறது. கோமாரி வைரஸும் அவ்வாறே. அதன் மேலுறை சில புரதங்களால் ஆனது. இவை சுவரைப் போன்ற கட்டமைப்புப் புரதங்கள். வைரஸ் மாட்டின் உயிரணுவுக்குள் புகுந்து பெருகும்போது, தன்னைப் போன்ற புதிய வைரஸ்களைக் கட்டுவதற்கு வேறு சில புரதங்களை உண்டாக்கிக் கொள்கிறது. இவை சாரத்தைப் போன்றவை. கட்டி முடித்த வைரஸின் மேலுறையில் இவை இடம் பெறுவதில்லை. இவற்றுள் 3ஏபிசி என்னும் புரதம் சோதனைக்கு மிகவும் பயன்படுகிறது.

செயலிழந்த வைரஸ் மாட்டின் உடலில் பெருகுவதில்லை. நன்கு தூய்மைப்படுத்திய தடுப்பூசியில் சாரப் புரதங்களும் நீக்கப்பட்டிருக்கும். ஆகவே,

1. ஊசி மட்டும் போட்ட மாட்டில் சுவர்ப் புரதங்களுக்கு எதிரான பொருள்கள் இருக்கும். சாரப் புரதங்களுக்கு எதிரானவை இரா.

2. நோய் தாக்கிய மாட்டில் இரண்டிற்கும் எதிரான பொருள்கள் இருக்கும்.

3. ஊசியும் போடாமல் நோயும் தாக்காத மாட்டில் இரண்டும் இரா.

இச்சோதனை எலைசா என்னும் முறையில் நடைபெறுகிறது. சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் முதலில் புரதம் பூசப்படுகிறது. அதன் மேல் மாட்டின் சீரம் இடப்படுகிறது. எதிர்ப்புப் பொருள் இருந்தால் அது புரதத்தைப் பற்றிக் கொள்ளும். பற்றியதா இல்லையா என்பதை நிற மாற்றம் காட்டிவிடும். பிரேசில் நாட்டில் ரியோ டி ஜெனிரோவில் உள்ள பான் அமெரிக்கக் கோமாரி நோய் மையம் உருவாக்கிய 3ஏபிசி சோதனை உலக அளவில் ஒப்பீட்டு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. நம் நாட்டிலும் முக்தேஸ்வரில் இயங்கிய கோமாரி நோய் ஆய்வு நிறுவனம் 3ஏபி3 என்னும் புரதத்தைக் கொண்டு சொந்தமாகவே ஒரு சோதனையை உருவாக்கியது.

சோதனை இல்லாமையால் நேர்ந்த இழப்பு

2001-ஆம் ஆண்டில் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அதே ஆண்டில் நோய் நெதர்லாந்து நாட்டுக்கும் பரவியது. அங்கு நோய் கண்ட பண்ணைகளைச் சுற்றி வளையமாகத் தடுப்பூசி போடப்பட்டது. ஆயினும், ஊசி போட்ட கால்நடைகளும் பின்னர் கொல்லப்பட்டன. நோய் தாக்கியவை, ஊசி போட்டவை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2,60,000 கால்நடைகள் அந்நாட்டில் அழிந்தன.

நலமாக நின்ற மாடுகளை ஏன் கொன்றார்கள்? ஊசி போட்ட மாட்டை வைரஸ் தாக்கினால் சில வேளைகளில் வெளியே அறிகுறி தோன்றாது. ஆனால் தொண்டைப் பகுதியில் வைரஸ் நெடுநாள் தங்கியிருக்கக் கூடும். ஊசி போட்ட மந்தையில் அவ்வாறு நோய் ஒளிந்திருக்கவில்லை என்று காட்ட, வாணிக நாடுகள் அனைத்தும் ஏற்ற சோதனை அன்று இல்லை. மாடுகளை உயிருடன் விட்டால், நோயற்ற நாடு என்ற நிலையைத் திரும்பப் பெற ஓராண்டு காத்திருக்க வேண்டும். கொன்றுவிட்டால் மூன்று மாதத்தில் பெறலாம். இந்தக் கணக்குதான் மாடுகளின் உயிரை வாங்கியது. 2002-ஆம் ஆண்டில் உலக விலங்கு நல அமைப்பின் விதி திருத்தப்பட்டது. சாரப் புரதச் சோதனை மூலம் நோய் இல்லை என்று காட்டினால், ஊசி போட்ட மாடுகளைக் கொல்லாமலேயே ஆறு மாதத்தில் அந்நிலையை மீண்டும் பெற வழி பிறந்தது.

நம் நாட்டில் கோமாரி நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2003-04-ஆம் ஆண்டில் 54 மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் கோமாரி, கருச்சிதைவு நோய் ஆகிய இரண்டையும் கட்டுப்படுத்த 13,343 கோடி ரூபாயில் தேசிய திட்டம் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய திட்டத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடை தேவை. ஊசி வேலை செய்ததா என்பது ஒன்று. இதற்காக ஊசி போடும் நாளிலும், 28 நாட்கள் கழித்தும் சில மாடுகளில் இரத்தம் எடுத்துச் சுவர்ப் புரத எதிர்ப்பு அளக்கப்படுகிறது. நோய் இன்னும் நடமாடுகிறதா என்பது மற்றொன்று. இதற்குச் சாரப் புரதச் சோதனை தேவை. ஏராளமான சீர மாதிரிகளைச் சோதிக்க வேண்டியிருப்பதால், சோதனைப் பெட்டி ஒருவர் கையில் மட்டும் இருக்கிறதா, பலரும் செய்யக் கூடியதா என்பது பெரும் பொருட்டாகிறது.

காப்புரிமை என்பது யாது?

ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அதைச் செய்யும் விதம் முழுவதையும் ஒளிவு மறைவின்றி எழுதிக் கொடுத்தால், அதற்கு ஈடாக அரசு அவருக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குத் தனி உரிமை வழங்குகிறது. அக்காலத்தில் அவர் அனுமதியின்றிப் பிறர் அதைச் செய்து விற்க முடியாது. காலம் முடிந்த பின் அது பொதுச் சொத்தாகிவிடும். நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறையில் உள்ளது. கொல்கத்தா, சென்னை, மும்பை, டெல்லி ஆகிய நான்கு இடங்களில் காப்புரிமை அலுவலகங்கள் உள்ளன.

விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களுக்குப் பின் வெளியிடப்படும். விண்ணப்பதாரர் தனியே கேட்டுக் கொண்டால்தான் பரிசீலனை தொடங்கும். பரிசீலனையாளர் தம் மறுப்புகளை முதல் பரிசீலனை அறிக்கையாகத் தருவார். அதற்கு ஆறு மாதத்துக்குள் விடையளிக்க வேண்டும். முறைப்படி கேட்டால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். பின்னர் தேவையானால் நேர்முக விசாரணை நடந்து, உரிமை வழங்கப்படும் அல்லது மறுக்கப்படும்.

பரிசீலனையாளரின் கேள்விகள்

விளக்கத்திற்காக ஒரு விண்ணப்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். ஒரு நிறுவனம் மாட்டின் எதிர்ப்பு சக்தியை அளக்கும் சோதனைக்கு நான்கு உரிமைகளைக் கோருகிறது.

1. கோமாரி வைரஸின் 3ஏபிசி புரதம்.

2. அப்புரதத்தின் ஒரு பகுதியை மாற்றியமைத்து நுண்ணுயிரில் உற்பத்தி செய்யும் முறை.

3. மாற்றியமைத்த புரதம் பூசிய தட்டு, ஒப்பீட்டுச் சீரம், நிறப்பொருள் ஆகியவை அடங்கிய சோதனைப் பெட்டி.

4. மாட்டின் சீரத்தைச் சோதித்து, அம்மாடு ஊசியால் எதிர்ப்புப் பெற்றதா, நோயால் பெற்றதா என அறியும் முறை.

நான்கும் ஒரே கண்டுபிடிப்பைப் பற்றியவை போலத் தோன்றினாலும் பரிசீலனையாளர் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடை போடுவார்.

முதலாவது எளிதில் தள்ளுபடியாகும். வைரஸில் இயல்பாகவே உள்ள புரதத்தைக் கண்டறிந்தது கண்டுபிடிப்பு ஆகாது. இயற்கையில் உள்ள பொருளைக் கண்டறிவதைச் சட்டத்தின் 3(சி) பிரிவு விலக்குகிறது. மேலும் 3ஏபிசி புரதத்தைக் கொண்ட சோதனைகள் 1990-களிலேயே ஆய்விதழ்களில் வெளிவந்துவிட்டன. முன்பே உலகறிந்த ஒன்றைப் பிறகு வந்தவர் தமது என்று கோர முடியாது. மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட காப்புரிமை, நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூற்சான்றுகளைக் காட்டியதால் 1997-ஆம் ஆண்டில் ரத்தானதை உழவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதே நியாயம்தான் இங்கும்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். பொருள் அல்லது முறை புதியதாக இருக்க வேண்டும். அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு எளிதில் தோன்றிவிடாததாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்படத்தக்கதாக இருக்க வேண்டும். இவற்றுள் இரண்டாவது நிபந்தனையிலேயே பல விண்ணப்பங்கள் தடுமாறுகின்றன. “பழைய தட்டில் வேறு நிறப்பொருளை மாற்றி வைத்தேன்” என்றால் போதாது. “புரதத்தின் இன்ன பகுதியை நீக்கியதால், பலமுறை ஊசி போட்ட மாடுகளிலும் தவறான விடை குறைகிறது” என்று சோதனை விவரங்களுடன் காட்டினால், அது எண்ணிப் பார்க்கத்தக்கது. எத்தனை மாடுகள், எந்த வயது, ஊசி போட்டு எத்தனை நாட்கள், எந்தச் சோதனையுடன் ஒப்பிட்டது என்பவையெல்லாம் விவரக் குறிப்பில் இருத்தல் வேண்டும். விண்ணப்பித்த பிறகு கோரிக்கையைச் சுருக்கலாம். விவரக் குறிப்பில் இல்லாததைப் புதிதாகச் சேர்க்க முடியாது.

நான்காவது கோரிக்கை

உண்மையான வாதம் நான்காவதில்தான் எழுகிறது. சட்டத்தின் 3(ஐ) பிரிவு, மனிதருக்குச் செய்யும் மருத்துவ, அறுவை, நோய்த்தடுப்பு, நோயறிதல் முறைகளையும், கால்நடைகளை நோயிலிருந்து விடுவிக்க அல்லது அவற்றின் பொருளாதார மதிப்பை உயர்த்தச் செய்யும் அதுபோன்ற முறைகளையும் காப்புரிமைக்கு அப்பால் வைத்துள்ளது. இதில் நோயறிதல் என்ற சொல் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்து, 2003 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் நோக்கம் தெளிவானது. மருத்துவர் நோயாளியைச் சோதிக்கும்போது “இந்த முறை யாருக்குச் சொந்தமோ” என்று அஞ்சிக் கை கட்டி நிற்கக் கூடாது. உழவுத் தொழில் முறையும் இவ்வாறே 3(எச்) பிரிவால் விலக்கப்பட்டுள்ளது. ஏர் ஓட்டும் முறைக்கு எவரும் தனி உரிமை கோர முடியாது.

விண்ணப்பதாரர் இவ்வாறு வாதிடலாம்: “நான் மாட்டைத் தொடவில்லை. இரத்தம் ஆய்வகத்துக்கு வந்த பிறகே சோதிக்கிறேன்.” ஐரோப்பாவில் இவ்வாதம் செல்லும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் உயர் மேல்முறையீட்டு அவை 2005 டிசம்பரில் அளித்த கருத்தின்படி, சோதனையின் தொழில்நுட்பப் படிகள் அனைத்தும் உடலின் மீதே நடந்தால்தான் விலக்கு பொருந்தும். குழாயில் எடுத்த இரத்தத்தைச் சோதிக்கும் முறை அந்த விலக்கில் சிக்காது. அமெரிக்காவில் கேள்வியே வேறு. 2012-ஆம் ஆண்டில் மேயோ–ப்ரொமீதியஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இரத்தத்தில் உள்ள ஒரு பொருளின் அளவுக்கும் மருந்தின் பலனுக்கும் உள்ள தொடர்பு இயற்கையின் விதி; அதனுடன் வழக்கமான படிகளைச் சேர்ப்பதால் காப்புரிமை கிடைக்காது என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் இது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 அக்டோபரில் முக்கியமான தீர்ப்பு ஒன்றை அளித்தது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகமும் சீக்வெனாம் நிறுவனமும் தொடுத்த மேல்முறையீடு அது. தாயின் இரத்தத்தில் கலந்துள்ள கருக்குழந்தையின் மரபுப்பொருள் எத்தனை பங்கு என்று அளக்கும் முறை பற்றியது. உடலுக்கு வெளியே நடப்பதால் மட்டும் ஒரு சோதனை விலக்கிலிருந்து தப்பிவிடாது என்று நீதிமன்றம் கூறியது. அதே வேளையில், நோயறிதலோடு தொடர்புள்ள எல்லாமே விலக்கில் அடங்காது. தன்னளவில் நோயைக் காட்டிக் கொடுக்கும் முறையே அடங்கும் என்றும் கூறியது. அந்த வழக்கில் உள்ள முறை தானாக எந்த நோயையும் காட்டவில்லை என்பதால் அது விலக்கில் சிக்கவில்லை.

இந்த அளவுகோலை நம் மாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஊசி வேலை செய்ததா என்று சுவர்ப் புரத எதிர்ப்பை மட்டும் அளக்கும் சோதனை எந்த நோயையும் காட்டுவதில்லை. நலமான மாட்டில் பாதுகாப்பு எவ்வளவு என்றே காட்டுகிறது. ஆகவே அது நோயறிதல் அன்று என வாதிட இடமுண்டு. சாரப் புரதச் சோதனையோ, வைரஸ் அந்த மாட்டில் பெருகியது என்பதையே காட்டுகிறது. அது நோயறிதலுக்கு மிக அருகில் நிற்கிறது. நம் கற்பனை விண்ணப்பத்தின் நான்காவது கோரிக்கை இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியுள்ளது. பரிசீலனையாளர் அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாக வேண்டும். கால்நடைகளைப் பற்றிய சொற்றொடர் நோய் நீக்கும் முறையையும் மதிப்பை உயர்த்தும் முறையையும் குறிப்பதால், சோதனை மட்டும் அதில் அடங்குமா என்ற வாதமும் உண்டு. முடிவு, கோரிக்கை எந்தச் சொற்களில் எழுதப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது.

காப்புரிமை தரச் சான்று அன்று

உழவர்கள் முக்கியமாக நினைவில் கொள்ள வேண்டியது இதுவே. பரிசீலனையாளர் புதுமையைப் பார்க்கிறார். சந்தையில் உள்ள சோதனைகளில் இதுவே சிறந்ததா என்று பார்ப்பது அவர் வேலையன்று. சோதனையின் தரம் களத்தில் ஒப்பீடு செய்தே அறியப்படும். 2004-ஆம் ஆண்டில் இத்தாலியின் பிரெசியா நகரில் பல நாட்டு அறிஞர்கள் கூடிச் சாரப் புரதச் சோதனைகள் பலவற்றை ஒரே சீர மாதிரிகளின் மீது நடத்தி ஒப்பிட்டது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊசி போட்ட பின் வைரஸ் தாக்கிய மாடுகளைக் கண்டறிவதில் எல்லாச் சோதனைகளும் ஒரே திறன் காட்டவில்லை.

திறனைப் புரிந்து கொள்ள ஒரு சிறு கணக்கு உதவும். நோய் தாக்காத 100 மாடுகளில் 98 மாடுகளைச் சரியாக “இல்லை” என்று சொல்லும் சோதனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நோய் தாக்கிய 100 மாடுகளில் அது 90 மாடுகளைக் கண்டுபிடிக்கும். கேட்பதற்கு நல்ல சோதனைதான். 1,000 மாடுகள் உள்ள பகுதியில் 10 மாடுகளை மட்டும் நோய் தாக்கியிருந்தால், அவற்றுள் 9 அகப்படும். எஞ்சிய 990 நல்ல மாடுகளில் ஏறத்தாழ 20 மாடுகளைச் சோதனை தவறாக “உண்டு” என்று சொல்லும். ஆக, “உண்டு” என்று வந்த 29 மாடுகளில் 20 நலமானவை. ஆகவேதான் இச்சோதனையைத் தனி மாட்டுக்கு நடத்தி முடிவு கட்டாமல், மந்தை முழுவதற்கும் நடத்திப் பார்க்கின்றனர். “உண்டு” என்றவற்றை வேறொரு சோதனையால் மறுமுறை சோதிக்கின்றனர்.

தடுப்பூசியின் தூய்மையும் இதில் சேரும். சாரப் புரதங்கள் சரிவர நீக்கப்படாத ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால், நோய் தாக்காத மாட்டிலும் அவற்றுக்கு எதிர்ப்பு தோன்றக் கூடும். அப்போது எவ்வளவு நல்ல சோதனையும் ஏமாற்றிவிடும்.

உழவர்க்கு உள்ள உரிமை

வெளியிடப்பட்ட விண்ணப்பத்தை, உரிமை வழங்கும் முன்னர், 25(1) பிரிவின்படி எவரும் எதிர்க்கலாம். வழங்கிய செய்தி வெளியான ஓராண்டுக்குள் அதில் தொடர்புடையவர் 25(2) பிரிவின்படி எதிர்க்கலாம். 2024-ஆம் ஆண்டு விதித் திருத்தத்துக்குப் பின் முன்னெதிர்ப்புக்குக் கட்டணமும் முதற்கட்டத் தகுதி ஆய்வும் உண்டு. தனி உழவரால் இது கடினம் எனினும் பால் கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் அமைப்புகளும் வல்லுநர் துணையுடன் செய்யலாம். வெறும் குற்றச்சாட்டு போதாது. “இது இன்ன ஆண்டில், இன்ன வெளியீட்டில் முன்பே வந்துள்ளது” என்ற எழுத்துச் சான்று வேண்டும்.

உழவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. நான்கு மாத வயதுக்கு மேற்பட்ட எல்லா மாடுகளுக்கும் எருமைகளுக்கும் முகாமின்போது தவறாமல் ஊசி போட வேண்டும். முதன்முறை ஊசி போட்ட கன்றுக்கு ஒரு மாதம் கழித்து மறு ஊசி தேவை. மிக இளங்கன்றில், தாயின் சீம்பால் வழி வந்த எதிர்ப்புப் பொருள்கள் ஊசியின் பலனைக் குறைத்துவிடும்.

2. 12 இலக்க எண் கொண்ட காது வில்லையைக் கழற்றக் கூடாது. ஊசி போட்ட நாளை அட்டையில் குறித்து வைக்க வேண்டும். ஊசி வரலாறு தெரியாத மாட்டின் சோதனை முடிவுக்குப் பொருள் காண்பது கடினம்.

3. இரத்தம் எடுக்க வரும் குழுவினருக்கு ஒத்துழைக்க வேண்டும். முன்பு நோய் கண்டிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

4. ஒரு மாட்டுக்கு “உண்டு” என்று முடிவு வந்தால், பதறி அதைச் சந்தையில் தள்ளிவிடக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் மறு சோதனை பற்றிக் கேட்க வேண்டும்.

5. கருச்சிதைவு நோய்க்கான எஸ்-19 ஊசி, நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே போடத்தக்கது. அந்த ஊசியாலும் பின்னாளில் இரத்தச் சோதனையில் குழப்பம் நேரக் கூடுமாதலால் சான்றைப் பாதுகாக்க வேண்டும்.

6. சோதனைப் பெட்டியோ, மருந்தோ, கருவியோ “பேடண்ட் பெற்றது” என்று விற்கப்பட்டால், அதன் எண்ணைக் கேட்க வேண்டும். காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். விண்ணப்பித்திருப்பது வேறு, உரிமை பெற்றிருப்பது வேறு. பெறாத உரிமையைப் பெற்றதாக அச்சிடுவது சட்டத்தின் 120-ஆம் பிரிவின்படி தண்டத்திற்குரியது.

7. சொந்தமாக ஒரு கருவியோ முறையோ உருவாக்கிய உழவர்கள், அதைக் கண்காட்சியில் வைக்கும் முன்போ, செய்தித்தாளுக்குச் சொல்லும் முன்போ காப்புரிமைக்கு விண்ணப்பிப்பது நல்லது. தாமே வெளியிட்ட செய்தியும் தம் விண்ணப்பத்துக்குத் தடையாக வந்து நிற்கக் கூடும்.

முடிவுரை

புரதத்தை மாற்றியமைக்கும் உழைப்புக்கு உரிமை வழங்குவதில் தவறில்லை. அவ்வூதியம் இல்லையேல் புதிய சோதனைகள் பிறப்பது அரிது. ஆனால் மாட்டின் இரத்தத்தில் இயற்கை எழுதி வைத்திருப்பதைப் படிக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பதே காப்புரிமைப் பரிசீலனை. உழவர்களும் பரிசீலனையாளர் கேட்கும் கேள்விகளையே கேட்கப் பழக வேண்டும்: இதில் புதியது எது? சான்று எங்கே? எத்தனை மாடுகளில் பார்த்தது? இவற்றுக்கு நேரான விடை பெற்ற பின்னரே சோதனைக்குப் பணம் கொடுப்பதும், அதன் முடிவைக் கொண்டு மாட்டைப் பற்றித் தீர்மானிப்பதும் நன்மை பயக்கும்.